தேவனுடைய வேளையும் தள்ளிப்போட்ட பரிசோதனையும்

கேள்வி: எனக்கு 33 வயது, கணவருக்கு 37. தண்டையார்பேட்டையில் மாமனார் மாமியாரோடு கூட்டாக இருக்கிறோம். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. அவர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர், வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். மாமனார் காசிமேட்டில் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். மூன்று முறை 21 நாள் உபவாசம் எடுத்தோம். போன வருஷம் ஒரு ஜெபக்கூட்டத்தில் வெளியூர் ஊழியர் ஒருவர் என் தலையில் கை வைத்து, "அடுத்த வருஷம் இதே மாசம் உன் மடியில் பிள்ளை இருக்கும்" என்றார். அந்த மாசம் வந்து போய்விட்டது. டாக்டரிடம் போகலாம் என்றால் கணவர், "அது அவிசுவாசம். அவசரப்பட்டதால்தான் ஆபிரகாமுக்கு இஸ்மவேல் வந்தான்" என்கிறார். மாமியார் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நான் தலைக்குக் குளிக்கிற நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் பொறுமை இல்லையா? தேவனுடைய வேளைக்குக் காத்திருப்பது எப்படி? சில ராத்திரி விடியவே வேண்டாம் போல இருக்கிறது.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், அது பொறுக்காது. விடியவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்து போகிறதா, அல்லது தூக்கமும் பசியும் குறைந்து இரண்டு வாரமாக விடாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். விடாமல் நின்றால் அது மனச்சோர்வு என்கிற நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் உண்டு, பேசித் தீர்க்கும் சிகிச்சையும் உண்டு. உங்களுக்குப் பக்கத்திலேயே, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு தலைகாட்டினால் விடியும்வரை தனியாகத் தாங்கவேண்டாம். அந்த ராத்திரியே கணவரை எழுப்பிச் சொல்லுங்கள். அவர் ஷிப்டில் இருந்தால் 104 அல்லது 14416 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எந்த நேரத்திலும் தமிழில் பேச ஆள் இருப்பார்கள், காசும் இல்லை.

இப்படி நினைத்ததற்காக உங்களை அவிசுவாசி என்று யாராவது சொன்னால், எலியாவை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்ட அந்தத் தீர்க்கதரிசியைக் கர்த்தர் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார். எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னார். பேச்சுவார்த்தை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி உங்கள் கேள்வி. ஆறு வருஷம் வாய்மூடித் தாங்கிய ஒருவருக்குப் பொறுமை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. சிக்கல் பொறுமையில் இல்லை என்று நினைக்கிறேன். "காத்திருப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. நம் கையில் உள்ள வேலையை முடித்துவிட்டு, முடிவு வரும்வரை அமைதியாக இருப்பது ஒன்று. நம் கையில் உள்ள வேலையைச் செய்யாமல் முடிவை எதிர்பார்ப்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஜெபமும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் முதலாவது மனதை உறுதியாக்கும், இரண்டாவது அரித்துத் தின்னும். நீங்கள் அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் மாமனாரிடம் தடைக்காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. காசிமேட்டில் அந்த 61 நாளும் யாராவது கரையில் கைகட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இஞ்சினைப் பிரித்து மாட்டுவார்கள், கிழிந்த வலையை முடிச்சு முடிச்சாகச் சரிசெய்வார்கள். மீன் எப்போது பெருகும் என்பது அவர்கள் கையில் இல்லை, அதில் தலையிடுவதும் இல்லை. வலை அவர்கள் கையில் இருக்கிறது, அதை விட்டுவைப்பதும் இல்லை. ஒரு வித்தியாசத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவர்களுக்கு ஜூன் 14 என்று ஒரு தேதி தெரியும், உங்களுக்குத் தெரியாது. தேதி தெரியாத காத்திருப்புதான் கடினம். அதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும், பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் கணவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தேவனுக்கு முன்னால் தவறிவிடக்கூடாது என்ற பயம் அது. அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்தே பேசவேண்டும். ஆனால் வேதத்தை வேதத்தால்தான் பார்க்கவேண்டும். ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. கானானில் பத்து வருஷம் ஆனபிறகு, சாராள் தன் அடிமைப்பெண் ஆகாரை அவனுக்குக் கொடுத்தாள். இஸ்மவேல் பிறந்தபோது அவனுக்கு 86, ஈசாக்கு பிறந்தபோது 100. இதில் தவறு எங்கே நடந்தது? பிள்ளைக்காக முயற்சி செய்ததிலா? சொந்த விருப்பம் சொல்ல வழியில்லாத ஒரு பெண்ணைக் கருவியாக்கி, அவள் கர்ப்பமான பிறகு ஓடிப்போகும் அளவுக்குக் கடினமாக நடத்தினார்களே, அதிலா? சொந்தக் கணவனும் மனைவியும் அடைப்பு இருக்கிறதா, தைராய்டு குறைவா என்று பார்ப்பதற்கும் ஆகாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. "இஸ்மவேல்" என்ற பெயருக்கே "தேவன் கேட்கிறார்" என்றுதான் பொருள். வனாந்தரத்தில் அழுத அடிமைப்பெண்ணின் குரலைக் கேட்டதற்கு அடையாளமாகத் தேவனே வைக்கச் சொன்ன பெயர் அது. நம் சபைகளில் அதை ஒரு வசைச்சொல்லைப் போல உபயோகிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மருந்து அவிசுவாசமா என்பதற்கு எசேக்கியா ராஜாவைப் பார்க்கச் சொல்லுங்கள். மரிக்கப்போகிறவன் அழுது ஜெபித்தான். ஜெபம் கேட்கப்பட்டது, ஆயுசில் 15 வருஷம் கூட்டப்பட்டது, மூன்றாம் நாளில் ஆலயத்துக்குப் போவாய் என்று வாக்கும் வந்தது. அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயாவே அடுத்தபடி, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான். வாக்குத்தத்தம் கையில் இருக்கும்போதே பற்றும் போட்டார்கள். இந்தப் பகுதி இரண்டாம் ராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சண்டை வருவதற்கு முன்னால், இருவரும் சேர்ந்து ஒரு சாயங்காலம் வாசியுங்கள். வாசித்த அன்றைக்கே முடிவு கேட்காதீர்கள். இரண்டு நாள் அவர் மனதில் ஊறட்டும்.

வெளியூர் ஊழியர் சொன்ன தேதியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கர்த்தர் பேரால் சொன்னது நடக்காமல் போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அவனுக்கு நீ பயப்படவேண்டாம் என்று உபாகமம் 18-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் சொல்கிறது. அதில் கேட்டவள்மேல் ஒரு சொல் குற்றம் இல்லை. "உன் விசுவாசம் குறைந்ததால்தான் தவறிப்போனது" என்று யாராவது பழியைத் திருப்பிப் போட்டால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இன்னொரு கூட்டத்துக்குப் போய்ப் புதுத் தேதி வாங்கவும் வேண்டாம், அதற்காகக் காணிக்கை கட்டவும் வேண்டாம். உங்கள் சபைப் போதகரிடம் ஜெபம் கேளுங்கள். கேட்கும்போதே, "தேதி எதுவும் சொல்லாமல், பலத்துக்காக மட்டும் ஜெபியுங்கள் ஐயா" என்று சொல்லிவிடலாம். நல்ல போதகர் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார். இது பாவத்துக்குத் தண்டனையா என்ற சந்தேகம் உள்ளே இருந்தால் லூக்கா முதல் அதிகாரம் போதும். சகரியாவும் எலிசபெத்தும் குற்றமில்லாதவர்கள் என்று ஒரு வசனம் சொல்கிறது, அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்று அடுத்த வசனம் சொல்கிறது.

இப்போது வலையைச் சரிசெய்யும் வேலை. ஒரு வருஷம் இயல்பாகச் சேர்ந்திருந்தும் கரு தரிக்கவில்லை என்றால் பரிசோதனை செய்யவேண்டும், பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே பார்க்கவேண்டும் என்பது மருத்துவ வழக்கம். உங்களுக்கு ஆறு வருஷம் ஆகிவிட்டது. 35-க்கு மேல் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும் என்பதால் 33-இல் பார்ப்பதற்கும் 38-இல் பார்ப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தள்ளிப்போட்டால் இழப்பது எது என்று தெரிந்திருக்கவேண்டும், அதற்காகத்தான்.

முதல் பரிசோதனை உங்கள் கணவருக்கு. சுமார் பாதித் தம்பதிகளில் ஆண் பக்கத்துக் காரணம் தனியாகவோ சேர்ந்தோ இருக்கிறது. விந்துப் பரிசோதனை மலிவானது, வலியில்லாதது. அதைச் செய்யாமல் பெண்ணுக்கு ஊசியும் ஸ்கேனும் ஆரம்பிப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் விலகியிருந்து மாதிரி கொடுக்கவேண்டும். பத்து இருபது நாள் விலகியிருந்தால் நல்லது என்று நினைத்துச் செய்தால் முடிவு தவறாக வரும். ஆய்வகத்திலேயே கொடுப்பது நல்லது. வீட்டிலிருந்து எடுத்துப்போனால் ஒரு மணி நேரத்துக்குள் சேரவேண்டும், உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கவேண்டும், ஆணுறையில் எடுத்த மாதிரி கூடாது. மில்லி லிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள், 42 சதவீதம் அசைவு என்பவை உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் உள்ள கீழ் அளவுகள். அதற்குக் கீழே வந்தால் பிள்ளையே பிறக்காது என்று பொருளில்லை. ஒரே ஒரு முடிவை வைத்து எதையும் தீர்மானிக்கவும் கூடாது. அணு உருவாகி வெளிவரக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆகிறது. இரண்டு மாதம் முன்பு வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைக்கும். குறைவாக வந்தால் இடைவெளி விட்டு மறுபடி பார்க்கவேண்டும். புகை, மாவா, குடி எது இருந்தாலும் நிறுத்தவேண்டும். ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும், என்ன சேர்த்திருக்கிறது என்று தெரியாத ஆண்மை லேகியமும் வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து போகும் டெஸ்டோஸ்டிரோன் அணு உற்பத்தியை நிறுத்தியே விடும்.

உங்களுக்கு: கருப்பை, கருமுட்டைப்பை ஸ்கேன். இரத்தத்தில் தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். சில ஹார்மோன்களை மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் எடுப்பார்கள். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் "டியூப் டெஸ்ட்" இரத்தப்போக்கு நின்றபிறகு, கருமுட்டை வெளிவரும் நாளுக்கு முன்னால் செய்வது. சில நிமிடம் மாதவிடாய் வலி போல இழுக்கும், துணைக்கு ஒருவரோடு போங்கள். நம் ஊரில் ஒன்றை மறக்கக்கூடாது, கருப்பைக் காசநோய். இருமலே இல்லாமல் கருக்குழாயை மட்டும் கெடுத்துவிடும் நோய் அது. குடும்பத்தில் யாருக்காவது டி.பி. இருந்திருந்தால் டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கரு தரிப்பதற்கு முன்னாலேயே தொடங்கவேண்டும். வழக்கமான அளவு தினமும் 400 மைக்ரோகிராம். டாக்டர் வேறு அளவு சொன்னால் அதையே எடுங்கள்.

கேட்கக் கூச்சப்படும் ஒரு விஷயத்தையும் சொல்லவேண்டும். கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் மாதத்தில் ஆறுதான், கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். கருமுட்டை, அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால் வெளிவரும். 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு அது 14-ஆம் நாள், 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு 21-ஆம் நாள் வாக்கில். எல்லோருக்கும் 14-ஆம் நாள்தான் என்று நினைத்து வருஷக்கணக்கில் நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் அவருக்கு ராத்திரி ஷிப்ட் வரும் வாரமும் அந்த ஆறு நாளும் எத்தனை மாதம் ஒன்றாக விழுந்தன? ஒரு ஹாலும் ஓர் அறையுமாக உள்ள வீட்டில் நான்கு பேர் இருந்தால் அதுவும் ஒரு காரணம்தான், சொல்ல வெட்கப்படவேண்டியதில்லை. 21 நாள் உபவாசத்தில் பிரிந்திருந்தீர்கள் என்றால் அந்த மாதங்களில் வாய்ப்பே இருந்திருக்காது. ஜெபத்துக்காகப் பிரிந்திருப்பது இருவர் சம்மதத்தோடு, கொஞ்ச காலத்துக்கு, பிறகு மறுபடி கூடவேண்டும் என்றுதான் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். இனி உபவாசம் எடுப்பதானால் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுங்கள். உடம்பு மெலியும் அளவுக்கு வேண்டாம், எடை வேகமாக இறங்கினாலும் கருமுட்டை வெளிவருவது தள்ளிப்போகும்.

பரிசோதனை முடிந்தபிறகு வழி பிரியும். சிலருக்குத் தைராய்டு மாத்திரை மட்டும் போதும். சிலருக்குக் கருமுட்டை வளர மாத்திரை, சிலருக்கு விந்துவைக் கருப்பைக்குள் செலுத்தும் முறை. கடைசியாகச் சோதனைக்குழாய் முறை. அதற்குப் போவதற்கு முன், எத்தனை கருவை உருவாக்குவார்கள், மீதியை என்ன செய்வார்கள் என்று டாக்டரிடம் கேட்டு, அது உங்கள் மனசாட்சிக்கு ஒத்துவருகிறதா என்று இருவரும் முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். மேசையில் படுத்தபிறகு யோசிக்கிற விஷயம் அல்ல அது. எத்தனை முறை, எவ்வளவு பணம், எதுவரை என்பதையும் எழுதிவைத்துவிடுங்கள். தாலி தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போனபிறகு எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் பதற்றத்தில் எடுத்தவையாகவே இருக்கும்.

இதெல்லாம் செய்தபிறகும் மீதி இருப்பது தேவனுடைய வேளை. இங்கேதான் உண்மையான காத்திருப்பு ஆரம்பமாகிறது, இதற்குத்தான் பயிற்சி வேண்டும் என்றேன். ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் என் கையில் இருப்பவை, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதி. வலப்பக்கம் என் கையில் இல்லாதவை, அங்கே தேதி எழுதக்கூடாது. கரு தங்குமா, எந்த மாதம், ஆணா பெண்ணா, மாமியார் என்ன நினைக்கிறார், எல்லாம் வலப்பக்கம். மனசு அலையும்போது, அலைவது எந்தப் பக்கத்து விஷயத்துக்கு என்று பாருங்கள். இடப்பக்கம் என்றால் எழுந்து செய்யுங்கள். வலப்பக்கம் என்றால் அது ஜெபத்துக்குப் போகவேண்டியது.

ஜெபத்துக்கு 13-ஆம் சங்கீதத்தின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான் தாவீது. அடுத்த இரண்டில் வேண்டியதைக் கேட்கிறான். கடைசி இரண்டில் கிருபையை நம்பிப் பாடுகிறான். உங்களுடைய கஷ்டம், முதல் இரண்டு வசனத்தைத் தாண்டி நேராகக் கடைசிக்குப் போகச் சொல்லி எல்லோரும் உங்களை அவசரப்படுத்துவது. முறையிடாமல் வந்த நம்பிக்கை தொண்டைவரைதான் நிற்கும். ஒரு நாளைக்கு ஒரே நேரம், பதினைந்து நிமிடம். ஐந்து நிமிடம் வாய்விட்டு முறையிடுங்கள், ஐந்து நிமிடம் கேளுங்கள், ஐந்து நிமிடம் அன்றைக்குக் கிடைத்தவற்றைச் சொல்லி நன்றி செலுத்துங்கள். பிறகு எழுந்துவிடுங்கள். மணிக்கு ஒருதரம் அதே வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொல்வது பல சமயம் ஜெபத்தின் உருவில் வரும் பதற்றம்தான். அன்னாளைப் பாருங்கள். அழுதாள், சாப்பிடாமல் இருந்தாள், ஆலயத்தில் மனதைக் கொட்டினாள். ஆசாரியன் ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று தப்பாக எண்ணினான். கொட்டி முடித்தபின் போய்ச் சாப்பிட்டாள், அவள் முகத்தில் துக்கம் இல்லை. சாமுவேல் அப்போது கருவில்கூட இல்லை. முகம் மாறியது பிள்ளை கிடைத்ததால் அல்ல என்பதை நம் பிரசங்கங்களில் வேகமாகத் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

மாதத்தின் கடைசி 14 நாளை எப்படிக் கடப்பது? கருமுட்டை வெளிவந்த எட்டாம், ஒன்பதாம் நாளிலேயே கடையில் அட்டை வாங்கிப் பார்க்காதீர்கள். கர்ப்பம் இருந்தாலும் அவ்வளவு சீக்கிரம் பலருக்குக் காட்டாது, வீணாக அழவேண்டிவரும். மாதவிடாய் தள்ளிப்போனபிறகு, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். சிகிச்சையில் கருமுட்டை வெளிவருவதற்கான எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஊசி மருந்தே பத்து நாளுக்கு மேலும் இரண்டு கோடு காட்டலாம் என்பதால் டாக்டர் சொன்ன தேதிவரை பொறுங்கள். மாதவிடாய் வந்துவிட்டால் அந்த நாள் எப்படிப் போகவேண்டும் என்பதை முன்னாலேயே முடிவு செய்துவையுங்கள். அன்றைக்கு யாரிடம் சொல்வீர்கள், கடையில் அரை நாள் லீவு போடமுடியுமா, ராத்திரிச் சமையலை யார் பார்ப்பது? துக்கம் வரும் நாள் தெரிந்திருந்தும் அதற்கு இடம் ஒதுக்காமல் விடுவதால்தான் அது எல்லா நாளிலும் கசிகிறது. கணவரோடு இதைப் பேசவும் ஒரு நேரம் வையுங்கள். வாரத்துக்கு அரை மணி, ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்டபிறகு. மற்ற நேரத்தில் நீங்கள் கணவன் மனைவியாக இருங்கள். காசிமேடு கடற்கரைக்குப் போங்கள், அத்தோவோ மொய்ங்காவோ சாப்பிடுங்கள், வேறு பேச்சு பேசுங்கள்.

"விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்விக்கு ஒரே பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள்: "இருந்தால் உங்களிடம் சொல்லாமல் இருப்போமா அக்கா, ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சீமந்தத்துக்குப் போகமுடியாத மாதம் வளையலை வாங்கி யார் கையிலாவது கொடுத்தனுப்புங்கள், அது பொறாமை ஆகாது. மாமியாரிடம் பேசவேண்டியது நீங்கள் அல்ல, அவர் மகன். "அம்மா, நாள் எண்ணாதே, நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். என்ன முடிவு வந்தாலும் அது எங்கள் இருவருடைய முடிவு" என்று அவர் ஒருமுறை சொன்னால் வீட்டின் காற்றே மாறும். பரிசோதனையில் குறை யார் பக்கம் வந்தாலும் வெளியே சொல்வதில்லை என்று அதற்கு முன்னாலேயே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் பிள்ளை வராமல் போகலாம். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்த ஊழியரைப் போலத் தேதி கொடுத்தவன் ஆவேன். விசுவாசிகளின் பட்டியலாக இருக்கும் எபிரெயர் 11-ஆம் அதிகாரமே, அவர்கள் நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையவில்லை என்றுதான் முடிகிறது. தேவனுடைய வேளையை நம்புவது என்றால் நாம் கேட்டது நிச்சயம் வரும் என்று நம்புவது அல்ல, அவர் நல்லவர் என்று நம்புவது. இரண்டும் ஒன்றல்ல, இந்த வித்தியாசத்தோடு வாழ்வது லேசும் அல்ல. தத்தெடுப்பதைப் பற்றி மனம் இருந்தால், எல்லாம் தோற்றபிறகு என்று வைக்காமல் இப்போதே பேச்சில் கொண்டுவாருங்கள். கிறிஸ்தவர்கள் காப்பாளராக மட்டுமே இருக்கமுடிந்த காலம் போய்விட்டது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் எந்த மதத்தவரும் சட்டப்படி பெற்றோராகலாம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருக்கவேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக்கூடாது, உங்களுக்கு இப்போது 70. பதிவு மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில்தான். ஆஸ்பத்திரியிலோ தெரிந்தவர் மூலமாகவோ நேரடியாகக் குழந்தை வாங்கித்தருவதாக யார் சொன்னாலும் அது குற்றம். பதிவு செய்தபின் வரிசையில் பல வருஷம் ஆவது சகஜம்.

இந்த வாரம் செய்யவேண்டியது கொஞ்சம்தான். கடந்த ஆறு மாதம் மாதவிடாய் வந்த தேதிகளை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பழைய ரிப்போர்ட், ஸ்கேன் எது இருந்தாலும் ஒரு கவரில் போடுங்கள், இருவர் ஆதார் நகலும் சேர்த்து. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம், அங்கே தொடங்கலாம். காலையிலேயே போனால்தான் ஓ.பி. சீட்டு போட்டு டாக்டரைப் பார்க்க நேரம் சரியாக இருக்கும். கணவருக்கு ராத்திரி ஷிப்ட் முடிந்து அடுத்த வாரம் மாறும் நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு வரிசையில் நிற்கும் மனிதர் சின்ன விஷயத்துக்கும் திரும்பிப் போகலாம் என்பார். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே இருவரும் சேர்ந்து ஜெபியுங்கள், அன்றைக்கு அவரே ஜெபிக்கட்டும். சீட்டில் இரண்டு பேர் பெயரும் இருக்கவேண்டும் என்று கேளுங்கள்.